சி மொழியில் பேர் தேடிப் பட்ட பாடு

கம்ப்யூட்டர் தொழிலில் ஆளைத் தூக்கிவாரிப் போடுகிற வேலை எதுவென்று என்னைக் கேட்டால், ஒரு ஃபைலுக்குள் ஒரு பேரைத் தேடுகிற வேலைதான் என்று யோசிக்காமல் சொல்வேன்.

சி மொழியைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஃபைலைத் திற, ஒரு வரியைப் படி, அந்த வரிக்குள் தேடுகிற சொல் இருக்கிறதா பார், இருந்தால் திரையில் காட்டு, இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போ. அவ்வளவுதான், அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த அரைப் பக்கத்தை எழுதி, அதை நம்பி ஒரு ஆளை எதிரே உட்காரவைத்துவிட்டு, ஏசி அறையிலும் வியர்த்துப்போய் உட்கார்ந்தவர்கள் உங்களில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கோயம்புத்தூரில் சி படித்துவிட்டு வந்த நான், மோகனூர் ரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி நல்லமுத்து லாரித் தொழிலில் இருந்தவர். லாரி ஓட்டத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, ஊருக்கே முதலாவதாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருந்தார். கீழே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளின் சுத்தியல் சத்தம். மேலே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை, அதற்குள் பச்சை எழுத்து மினுங்குகிற ஒரு திரை. லாரிக்காரர்கள் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களின் விவரம் முழுவதையும் எங்களிடம் ஒப்படைத்திருந்தது. மோகனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற விஜயா அதை ஆங்கில எழுத்தில் டைப் செய்வாள். தமிழ் எழுத்து அந்த மிசினுக்குத் தெரியாது. யார் பேரைக் கேட்டாலும் தேடி எடுத்துக் காட்டுகிற புரோகிராம் எழுதுவது என் வேலை.

வண்டி எங்கே?

திறப்பு விழா அன்று முதலாளி தன் லாரிக்காரச் சிநேகிதர்களை எல்லாம் அழைத்திருந்தார். வாசலில் பூசணிக்காய் உடைத்து, திரைக்கு மேல் சந்தனப் பொட்டு வைத்து, மல்லிகைச் சரத்தைச் சுற்றியிருந்தார். சரம் திரையை மறைக்கிறதென்று நான் கொஞ்சம் ஒதுக்கிவிட்டபோது, சாமி குத்தம் செய்துவிட்ட மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "யாராவது ஒருத்தர் பேரச் சொல்லுங்க, அம்மிணி தேடி எடுத்துரும்" என்றார் முதலாளி. முன்னால் நின்ற பொன்னுவேல் என்பவர் தன் பேரைச் சொன்னார். டைப் செய்து தட்டினேன். ஃப்ளாப்பி கரகரவென்று சத்தம் போட்டது. அவர் பேர், தகப்பனார் பேர், ஊர், வண்டி நம்பர் எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றன. கைதட்டினார்கள்.

பொன்னுவேல் கை தட்டவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "வண்டியக் கண்டுபுடிச்சிருச்சுங்களா? இப்ப எந்த ஊர்ல நிக்குதுன்னு கேளுங்க அம்மிணி" என்றார். நான் சிரித்துக்கொண்டே, இது ஃபைலுக்குள் பேரை மட்டும்தான் தேடும், வண்டியைத் தேடாது என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. கல்கத்தா லைனுக்குப் போன வண்டியிலிருந்து பல நாளாகத் தகவலே இல்லையாம். வண்டியை ஓட்டிப்போனவர் அவருடைய தம்பி. அதைத் தேடித் தருகிற மிசின் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பித்தான் விழாவுக்கே வந்திருக்கிறார். என்னுடைய அரைப் பக்கத்தை நம்பி ஒரு அண்ணன் வந்து நிற்பார் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

 முதலாளி விழாவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே டயர் கடைக்குப் போய், கல்கத்தா வழியில் தனக்குத் தெரிந்த லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வெளியூர் டிரங்க் கால் போட்டார். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. விஜயவாடா தாண்டி ஆக்சில் உடைந்து வண்டி நிற்கிறது, தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. பொன்னுவேல் மறுபடி மாடி ஏறி வந்து, ஒதுக்கிவிட்ட மல்லிகைச் சரத்தைச் சரிசெய்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அம்மிணி, இந்த மிசினுக்கு ஒரு போனு மட்டும் இழுத்துக் குடுத்துருங்க, அப்பறம் பாருங்க, ஒலகத்துல எதக் கேட்டாலும் கண்டுபுடிச்சுரும்."

எஸ்ஸா, சி-எச்சா?

சங்கத்தில் அடையாள அட்டை புதுப்பிக்க வருகிறவர்களைச் சரிபார்ப்பதற்கு எங்களிடம் அனுப்புவார்கள். அப்படி ஒருநாள் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து செங்கோடன் என்று ஒருவர் வந்தார். ஆள் கதவு உயரம். தோளில் துண்டு. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, மிசின் ரூமில் உட்காரக் கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு நின்றார். எஸ் எழுத்தில் ஆரம்பித்து அவர் பேரை டைப் செய்தேன். தேடிய பேர் கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது. "என்னுங்க சொல்லுது?" என்றார். "உங்க பேரு இல்லைங்களே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை அவர் முகத்தில் செய்த வேலையைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். ரத்தம் வடிந்துபோன மாதிரி வெளுத்துவிட்டது. "இல்லியா? அப்ப அவன் என் பேர எடுத்தே போட்டானா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், செருப்பைக் கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிவிட்டார். பிறகுதான் விஜயா சொன்னாள், அவருக்கும் கூடப் பிறந்த தம்பிக்கும் சொத்துப் பாகத் தகராறு. தம்பிக்குச் சங்கத்தில் செல்வாக்கு. தன்னைத் தம்பி சங்கத்திலிருந்தே நீக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு போகிறார் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்து, "அக்கா, சி-எச் போட்டுப் பாருங்க. சில பேரு செங்கோடன சி-எச் போட்டு எழுதித் தருவாங்க" என்றாள். போட்டேன். செங்கோடன், தகப்பனார் பேர், வண்டி நம்பர் எல்லாம் முழுசாக இருந்தன. நமக்குச் செங்கோடன் ஒரே ஆள்தான். மிசினுக்கு எழுத்து ஒன்று மாறினால் ஆளே வேறு.

விஜயா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். நல்லவேளையாகத் திருச்செங்கோட்டு பஸ் இன்னும் கிளம்பவில்லை; ஜன்னலோரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை இறக்கிக் கூட்டி வந்தாள். வந்தவர் திரையில் தன் பேரின் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "எஸ்ஸுல செத்துச் சி-எச்சுல பொழச்சுட்டனுங்க; அந்த பஸ்ஸு மட்டும் டயத்துக்கு எடுத்திருந்தான்னா என்ர தம்பி எந்த எழுத்துலயும் பொழச்சிருக்க மாட்டான்" என்றார்.

கடைசி ஆள்

சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. இரண்டு அணி. நாமக்கல் கிளையில் ஓட்டுரிமை உள்ளவர்களை மட்டும் பிரித்து எடுத்துத் தரச் சொன்னார்கள். நாமக்கல் என்ற சொல் இருக்கிற வரிகளைத் தேடி அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் நான் மாடி ஏறும்போதே மேலே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனால் இரண்டு அணிக்காரர்களும் எங்கள் அறைக்குள் நிற்கிறார்கள். ஒருவர் சட்டை இன்னொருவர் கையில். முதலாளி கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "என்னைய வேணா அடிங்க, மிசினத் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். அச்சடித்த தாளில் கடைசிப் பேர் வையாபுரி. அவர் பேர் இரண்டு தடவை இருந்தது. அதே ஊர், அதே தகப்பனார், அதே வண்டி. "கள்ள ஓட்டு" என்று ஒரு அணி பாய்ந்துவிட்டது.  ஃபைலைத் திறந்து பார்த்தால் வையாபுரி ஒரே தடவைதான் இருக்கிறார். பிறகு எங்கிருந்து வந்தார் இரண்டாவது வையாபுரி? என் கண் முன்னாலேயே அவர் பெருகியது போல இருந்தது. சி மொழி தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். ஃபைல் முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே சுற்றுகிற மாதிரி எழுதியிருந்தேன். கடைசி வரியைப் படித்த பிறகும் அந்த மிசினுக்கு ஃபைல் முடிந்தது தெரியாது. இன்னும் ஒரு தடவை படிக்கப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். அந்த வெறும் சுற்றில், கையில் ஏற்கெனவே இருந்த வரியையே மறுபடி எடுத்துக் காட்டிவிடும். ஃபைலின் கடைசியில் யார் இருந்தாலும் அவர் இரண்டாகிவிடுவார்.

இதைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? வேறொருவர் பேரைக் கடைசிக்கு மாற்றி, எல்லோர் கண்ணெதிரிலும் மறுபடி ஓட்டிக் காட்டினேன். இந்தத் தடவை அந்த ஆள் இரண்டானார், வையாபுரி ஒன்றானார். சட்டையைப் பிடித்திருந்த கைகள் விட்டன. அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்ற ஒரு கனத்த மனிதரைக் கவனித்தோம். அவர்தான் வையாபுரி. தன்மேல் விழுந்த பழி என்னவென்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நெஞ்சில் கை வைத்தபடி சொன்னார்: "இந்த ஒடம்பத் தூக்கிக்கிட்டு ஒரு ஓட்டுப் போடவே மாடி ஏற முடியறதில்லீங்க, என்னையப் போயி ரெண்டு தடவ ஏறுவான்னு நெனச்சீங்களே!"

இருபது எழுத்து ஊர்

வேலை பெருகியதால் செல்வம் என்ற பையனை முதலாளி சேர்த்துக்கொண்டார். பையன் என்று சொல்வது பழக்கதோஷம். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவன், கல்லூரி முடித்தவன். சேலம் அம்மாபேட்டை. ஊர் பேரை வைத்து உறுப்பினரைத் தேடுகிற பகுதியை அவனிடம் கொடுத்தேன். சி மொழியில் ஒரு சொல்லை வைப்பதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும், எழுத்துக்கு ஒரு கட்டம் வீதம். சொல் இங்கே முடிந்தது என்று காட்டுவதற்குக் கடைசியில் ஒரு சைபருக்கும் ஒரு கட்டம் வேண்டும். ஊர் பேருக்கு இருபது கட்டம் தாராளம் என்று செல்வம் ஒதுக்கினான். நாமக்கல், மோகனூர், ராசிபுரம், பரமத்தி என்று எல்லா ஊரும் அதற்குள் வசதியாகக் கால் நீட்டிப் படுத்தன.

ஒருநாள் சங்கச் செயலாளர் முன்னிலையில், சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தேடினோம். விஜயா டைப் செய்த முறையில் அந்த ஊருக்குச் சரியாக இருபது எழுத்து. சைபருக்கு இடமில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மிசின் ஊர் பேரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சிரிக்கிற முகம், சீட்டுக்கட்டு ஆட்டின், கோடு, வளைவு என்று இதுவரை நாங்கள் கண்ணால் பார்த்திராத உருவங்கள் எல்லாம் திரையில் கொட்டின. ஒவ்வொன்றுக்கும் இடையில் கீச் கீச்சென்று சத்தம் வேறு. கடைசியில் எந்த பட்டனைத் தட்டினாலும் அசையாமல் அப்படியே நின்றுவிட்டது. செயலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். விஜயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செல்வம் பயத்தில் பிளக்கையே பிடுங்கிவிட்டான். பதறாமல் நின்றவர் முதலாளி ஒருவர்தான். "ஏற்காட்டு மலையேறப் போற எந்த வண்டியும் அந்த ஊர்ல நின்னு, இன்ஜின ஆறப்போட்டுத் தண்ணி ஊத்திட்டுத்தானுங்க மேல போகும், இவிங்க வண்டி மட்டும் நிக்காமப் போயிருமா?" என்றார் செயலாளரிடம்.

யாருமே இல்லை

அந்த அவமானம் செல்வத்தை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். என் புரோகிராமைப் பார்க்காமல், சொந்தமாக முதல் வரியிலிருந்து ஒரு தேடல் எழுதிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தான். மத்தியானம் நானும் விஜயாவும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கும்போது வந்து நின்றான். "அக்கா, நல்லா ஓடுது. ஆனா முதலாளி பேரத் தேடுனா இல்லைங்குது" என்றான். எஸ், சி-எச் மாதிரி ஏதாவது இருக்கும், வேறு பேர் போட்டுப் பார் என்றேன். போனான், வந்தான். பொன்னுவேல் இல்லை. வையாபுரி இல்லை. செங்கோடன் இரண்டு எழுத்திலும் இல்லை. "யாருமே இல்லைக்கா" என்றான், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் போல.

 கையைக் கூடக் கழுவாமல் எழுந்து போய் ஃபைலின் அளவைப் பார்த்தேன். சைபர். ஃபைல் இருக்கிறது, அதன் பேர் இருக்கிறது, உள்ளே ஒரு எழுத்து இல்லை. அவன் எழுதியதைப் பார்த்தேன். ஃபைலைத் திறக்கிற இடத்தில், படிப்பதற்காக என்று காட்டுகிற ஆர் எழுத்துக்குப் பதிலாக, எழுதுவதற்காக என்று காட்டுகிற டபிள்யூ இருந்தது. சி மொழியில் அப்படித் திறந்தால், உள்ளே ஏற்கெனவே இருப்பதை எல்லாம் துடைத்து வெறுமையாக்கிவிட்டுத்தான் நம் கையில் கொடுக்கும். கேட்காது, எச்சரிக்காது, ஒரு சத்தம்கூடப் போடாது. எங்களிடம் இருந்த நகல் ஃப்ளாப்பி எப்போதோ எடுத்தது. அதற்குப் பிறகு விஜயா மாதக்கணக்கில் விரல் தேய அடித்த பேர்களெல்லாம் ஒரே ஒரு எழுத்தில் போய்விட்டன.

செல்வம் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.  முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் விஜயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழுவாள், கத்துவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் டிபன் பாக்ஸை நிதானமாக மூடி வைத்தாள். சங்கத்துக் காகிதக் கட்டை மேசையில் தூக்கிப் போட்டு, முதல் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு டைப் அடிக்க உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை தலை நிமிராமல் அடித்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "ஏனுங்க அக்கா, நாம அவங்கிட்ட எல்லாரையும் தேடத்தான சொன்னோம், தொலைக்கச் சொல்லலீங்களே?" என்றாள்.

பி நெகடிவ்

ஊரில் இருந்த இளைஞர்கள் சிலர் ரத்தம் கொடுக்க விருப்பம் உள்ளவர்களின் பேர், ஊர், ரத்த வகை எல்லாவற்றையும் சேகரித்து எங்களிடம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு ஆள் தேட உதவுமே என்று முதலாளி அதையும் ஏற்றச் சொன்னார். என்னுடைய தேடலையே எடுத்துச் செல்வம் இதற்கு மாற்றிக்கொடுத்தான். ரத்த வகையைக் கொடுத்தால், அந்த வகைக்காரர்களின் பேரும் ஊரும் மட்டும் திரையில் வரும்.

மார்கழியில் ஒரு காலை. விஜயா வேலைக்கு வரவில்லை. அவளுடைய அக்கா சாந்தி பிரசவத்துக்காக நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். பத்து மணி இருக்கும், விஜயா தலை கலைந்து படியேறி ஓடி வந்தாள். ரத்தம் நிறையப் போய்விட்டது, பி நெகடிவ் உடனே வேண்டும், சொந்தக்காரர்கள் யாருக்கும் சேரவில்லை. செல்வம் உட்கார்ந்து பி நெகடிவ் என்று அடித்தான். திரையில் இரண்டு பேர் வந்தன. ராசிபுரம் தனபால், மோகனூர் முத்துசாமி. தனபாலை முதலாளிக்குத் தெரியும்; நெய்க்கடைக்காரர், கடையில் போன் இருந்தது. முதலாளி பேசியதும் "இதா பொறப்பட்டேன்" என்று போனை வைத்தாராம். விஜயா எங்கள் மூவரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்த மிசினை வைத்து நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று செல்வத்தின் தோளில் தட்டினேன்.

அரை மணி நேரம் போனதும், ஒருவேளை இன்னொருவரும் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று, முத்துசாமியின் முகவரிக்காக ஃபைலையே திறந்து பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது தனபாலின் வரி. அதில் ரத்த வகை ஏபி நெகடிவ்.  மறுபடி படித்தேன், ஏபி-தான். மிசின் கேட்டதைத்தான் செய்திருந்தது. பி நெகடிவ் என்ற எழுத்துக்கள் ஏபி நெகடிவ் என்பதற்குள்ளும் அப்படியே இருக்கின்றன. முன்னால் ஒரு ஏ நிற்பதைப் பற்றி அதற்கென்ன? பேரும் ஊரும் மட்டும் திரையில் வந்ததால் எங்கள் கண்ணுக்கும் அது தெரியவில்லை. ஏபி ரத்தத்தைப் பி-க்காரருக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்குத் தெரியும். தனபால் வண்டி இந்நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் லைன் கிடைக்கவில்லை. "செல்வம், ஓடு! அந்த ரத்தத்த எடுக்க வேண்டாம்னு சொல்லு!" என்று கத்தினேன். அவன் செருப்பில்லாமலே ஓடினான்.

நானும் முதலாளியும் அவருடைய அம்பாசடரில் மோகனூருக்குப் பறந்தோம்.  முத்துசாமி வீட்டில் அவர் மனைவி இருந்தார். "கரும்பு வண்டி ஓட்டிக்கிட்டு மில்லுக்குப் போயிட்டாருங்களே" என்றார். மில் ரோட்டுக்குத் திரும்பியதும் எனக்கு மறுபடி திக்கென்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மாட்டு வண்டியும் டிராக்டருமாக வரிசை நின்றது. முதலாளி காரை நிறுத்தி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "முத்துசாமி!" என்று கத்தினார். வரிசையில் அங்கங்கே ஏழெட்டுத் தலைகள் திரும்பின. "ஏனுங்க?" "நானுங்களா?" என்று பல பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. முதலாளி தொண்டை கிழிய மறுபடி கத்தினார். "ரத்தம் குடுக்கறேன்னு பேரு குடுத்த முத்துசாமி ஆருங்க?" கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றார். "நாந்தானுங்க. ஆருக்கு?" பிள்ளை பெறுகிற பொண்ணுக்கு என்றேன்.  மாட்டுக் கயிற்றைப் பின்வண்டிக்காரர் கையில் கொடுத்தார். "சாமி, எம் முறை வந்தா வண்டிய உள்ள ஓட்டிரு, வாரேன்" என்று சொல்லிக் கீழே குதித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் செல்வம் உட்கார்ந்திருந்தான். கால் விரலில் ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எடுக்கலைக்கா, எடுக்கலை" என்றான். யார் என்ன வகை என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். தனபாலின் விரலில் ஒரு சொட்டு எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் போன நேரம் போனதுதான், உள்ளே சாந்திக்கு நாடி இறங்கிக்கொண்டே இருந்தது. முத்துசாமியைச் சோதித்தார்கள். பி நெகடிவ்தான். கரும்புச் சருகு ஒட்டிய கையைக் கழுவிவிட்டு அவர் படுத்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் நானும் விஜயாவும் உட்கார்ந்திருந்தோம். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்ட பிறகும் அவள் என் கையை விடவில்லை. சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. சாந்தியும் பிழைத்துவிட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, செல்வம்தான் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான்.

கிளம்பும்போதுதான் தனபாலைப் பார்த்தேன். காலையில் வந்த மனிதர் ஊருக்குத் திரும்பாமல் அதே பெஞ்சின் மறுகோடியில், கடையில் உடுத்தியிருந்த நெய் பிசுக்கு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். வீணாக அலைக்கழித்துவிட்டோமே என்று சொல்வதற்கு அவர் முன்னால் போய் நின்றேன். அவரே எழுந்து, "அதனால என்னுங்க அம்மிணி, வந்தது வந்துட்டேன், ஏபி ஆருக்காச்சும் வேணுமான்னு உங்க மிசினுலயே ஒருக்காத் தேடிப் பாருங்களேன், குடுத்துட்டே போயிர்றேன்" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மிசின் ஒரு தடவைகூட அதிர்ச்சி அடையவில்லை. அதிர்ச்சி அடைவதற்கென்றுதான் மாதச் சம்பளத்துக்கு என்னை வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.